நாங்களும் மக்கள்தானே

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வேண்டாம். வெளியில பாக்க என்ன இருக்கு? கிளாம்பாக்கத்துல இருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் பிரியாணிக் கடை, அதுக்கப்புறமும் பிரியாணிக் கடை. ஏசி பஸ்ஸுன்னு காசை வாங்கிட்டு இவன் வெறும் காத்தை ஊதுறான் பாருங்க. கார்லயே போய்க் கார்லயே வர்ற ஆளு நானு. டிரைவர் திடீர்னு வரலைன்னுட்டான். அவனுக்கு என்ன வந்துச்சோ.

சேலத்துக்குங்களா? நான் ஆத்தூர்ல இறங்கிடுவேன். இந்த ஃபைலைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும், ஐகோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன். எட்டாவது தடவை. கோர்ட்டுன்னா என்னமோ ஏதோன்னு நெனைச்சிருந்தேன் சார். ஃபேன் ஓடாத வராண்டால கறுப்புக் கோட்டுப் போட்ட பசங்க ஓடிக்கிட்டே இருக்கானுங்க, எதுக்கு ஓடுறோம்னு அவனுங்களுக்கே தெரியாது.

என் பேரு பொன்னுரங்கம். ஜவ்வரிசி பேக்டரி வெச்சிருக்கேன். எங்க பக்கம் சேகோன்னு சொல்லுவோம். ஜவ்வரிசி ஏதோ செடியில காய்க்குதுன்னு நெனைக்கிறவங்க மெட்ராஸ்ல இருக்காங்க சார், எங்க வக்கீலே அப்படித்தான் நெனைச்சிட்டிருந்தாரு. குச்சிக்கிழங்கு இருக்குல்ல, மரவள்ளி, அதை அரைச்சுப் பால் எடுத்து, தொட்டியில படிய வெச்சு, அந்த மாவை உருட்டி வறுத்துக் காய வெக்கணும். படிஞ்சது போக மேல நிக்கிற தண்ணி வெளிய போயாகணும். ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு எவ்வளவு தண்ணி வெளிய போகுதுன்னு தெரிஞ்சா நீங்க பாயசமே குடிக்க மாட்டீங்க.

அந்தத் தண்ணிதான் சார் எல்லாப் பிரச்சினையும். ஓடையில விடுறோம். தொழில்னா தண்ணி போகத்தான் செய்யும். கொஞ்சம் புளிச்ச வாடை இருக்கும். கொஞ்சம்தான். அதுக்குக் கீழ்த்தெருவுல இருக்குறவங்க, எங்க ஓடை போய்ச் சேருற பக்கம் நூத்திச் சொச்சம் வீடு, அவங்க கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு ஒரே கூப்பாடு. குழந்தைக்குச் சொறி வந்தா நாங்க, மாடு சினை பிடிக்கலைன்னா நாங்க. நான் கேக்குறேன், நாங்க என்ன கடவுளா, எல்லாத்துக்கும் நாங்களே காரணமா இருக்குறதுக்கு?

முப்பத்தெட்டு பேக்டரி சேந்து சங்கம் வெச்சிருக்கோம். தலைவர் மாதேஸ்வரன்னு ஒருத்தர். மாலை கொண்டு போனா கழுத்தை நீட்டுவாரு, அதோட அவர் வேலை முடிஞ்சுது. பன்னெண்டு வருஷமா செயலாளர் நான். மூளை பூரா நான்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னால பேக்டரிகளைக் கொஞ்சம் பெருசாக்கலாம்னு அனுமதி கேட்டோம். அதுக்கு மக்கள்கிட்டக் கருத்துக் கேக்கணுமாம். கல்யாண மண்டபத்துல பந்தல் போட்டு, கலெக்டரை உக்கார வெச்சு, மைக்கை நீட்டுறாங்க சார்! யாருக்கு? கையெழுத்தே போடத் தெரியாத சனத்துக்கு. ஆளுக்கொரு பாட்டில்ல கிணத்துத் தண்ணியைக் கொண்டாந்து கலெக்டர் மேசையில வரிசையா வெச்சுட்டாங்க. அதைக் குடிங்க சார், குடிச்சுக் காட்டுங்க சார்னு ஒரே சத்தம். நாங்க டீ, பஜ்ஜியெல்லாம் சொல்லியிருந்தோம். பஜ்ஜியையும் தின்னுட்டு எங்களையும் திட்டிட்டுப் போனாங்க. கலெக்டர் அனுமதியை நிறுத்தி வெச்சுட்டாரு.

அன்னைக்கு நெனைச்சேன், இந்த மக்கள் வாயில போய் மைக்கை வெக்கிறதுக்குப் பதிலா நம்மளை நாமளே பாத்துக்கலாமேன்னு. சுய ஒழுங்குக் குழு. பேர் எப்படி? நான் வெச்சதுதான். என் பேக்டரியை மாதேஸ்வரன் வந்து சோதிப்பாரு, அவர் பேக்டரியை நான் போய்ச் சோதிப்பேன். இப்படி ஜோடி ஜோடியாப் பிரிச்சுட்டேன். பதினாலு கட்டம் போட்டு ஒரு படிவம் அடிச்சேன். மாசத்துல மொத வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் சங்கத்துக்கு வருவாங்க, டிபன் சாப்பிட்டுட்டு ஒருத்தர் படிவத்தை ஒருத்தர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுருவோம். முப்பத்தெட்டு பேக்டரிக்கும் மிக நன்று, மிக நன்று. இதுதான் மக்கள் பங்கேற்புன்னு எழுதிக் கலெக்டருக்கும் அனுப்பிருவோம். பேக்டரிக்கு எதுக்குப் போகணும்? தினமும் அங்கதானே இருக்கோம்.

சிரிக்காதீங்க சார், அதுல நெசமான ஒழுங்கும் இருந்துச்சு. முன்னாடியெல்லாம் மழை வந்தா அவனவன் இஷ்டத்துக்குத் தொட்டியைத் தொறந்து விடுவான். மழைத் தண்ணியோட தண்ணியாப் போயிரும்ல, அதுக்கு. எல்லாரும் ஒரே நாள்ல தொறந்தா ஓடை நுரைச்சுக்கிட்டு நிக்கும். நான் முறை போட்டேன். மொத மழைக்கு இந்தப் பன்னெண்டு பேக்டரி, ரெண்டாவது மழைக்கு அந்தப் பன்னெண்டுன்னு பட்டியல். ஒருத்தர் முறை மாறித் தொறந்தா அபராதம். இந்த மாதிரி ஒழுங்கு கவர்மெண்டு ஆபீஸ்ல உண்டுங்களா?

அப்பத்தான் சிந்தாமணி கேஸ் போட்டா.

யாருன்னு கேக்குறீங்களா? பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுறவ. கீழ்த்தெருவுல அந்த உசரத் தொட்டி இருக்குல்ல, மோட்டார் போடுறது, வால்வு திருப்புறது, பிளீச்சிங் பவுடர் கலக்குறது. அம்பது வயசு இருக்கும், நைட்டிக்கு மேல துண்டு. இவ ஒரு நோட்டு வெச்சிருக்கா. என்னைக்கு மழை, என்னைக்குத் தண்ணி புளிச்சுது, என்னைக்கு நுரைன்னு தேதி போட்டு ரெண்டு வருஷத்துக்கு எழுதி வெச்சிருக்கா. வேற வேலை இல்லை. அதை எடுத்துக்கிட்டுப் போய், இலவசமா வாதாடுற ஒரு வக்கீலைப் பிடிச்சு, ஐகோர்ட்டுல ரிட் போட்டுட்டா. நல்ல தண்ணி குடிக்கிறது உயிர் வாழுற உரிமையில சேத்தியாம், இருபத்தியொண்ணாம் பிரிவாம். அதைப் பத்தி முடிவெடுக்கும்போது தங்களைக் கேக்கணுமாம். முதலாளிங்களே முதலாளிங்களைச் சோதிக்கிறது மக்கள் பங்கேற்பு ஆகாதாம். வால்வு திருப்புற பொம்பளைக்கு இருபத்தியொண்ணாம் பிரிவு!

எங்க வக்கீல் பயந்துட்டாரு. நான் சொன்னேன், ஏனுங்க, பேக்டரி வெச்சிருந்தா மக்கள் இல்லைன்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு? நாங்களும் மக்கள்தானே? நான் ஓட்டுப் போடலையா? ரேஷன் கார்டு இல்லையா? அவருக்கு உடனே பொறி தட்டிருச்சு. சங்கம் வெக்கிறது அரசியல் சட்டம் குடுத்த உரிமை, பத்தொம்பதாம் பிரிவு. இயற்கையைக் காப்பாத்துறது ஒவ்வொரு குடிமகனோட கடமை, அம்பத்தியொண்ணு ஏ. முப்பத்தெட்டு குடிமகன்கள் சங்கமாச் சேந்து அந்தக் கடமையைச் செய்யுறாங்க, இதைவிட உசந்த மக்கள் பங்கேற்பு இந்த நாட்டுல எங்க இருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதினாரு பாருங்க, படிச்சுட்டு எனக்கே எங்க சங்கத்து மேல மரியாதை வந்துருச்சு.

ஆனா ஜட்ஜு விவரமான ஆளு. குழுவுல வெளி ஆள் யாராவது உண்டான்னு கேட்டுட்டாரு. உண்டு, போடப் போறோம்னு வக்கீல் சமாளிச்சாரு. ஊருக்கு வந்து மூணு பேரைப் பொறுக்குனேன். ஒருத்தர் ரிட்டயர் ஆன தபால்காரர். ரெண்டு காதும் கேக்காது, நல்ல மனுஷன். இன்னொண்ணு சிந்தாமணி. ஆமா, அவளேதான்! எதிர்க்கிறவளை உள்ள இழுத்துப் போட்டு ஒரு நாற்காலியைக் குடுத்தா வாய் தானா அடங்கும். எத்தனை யூனியன்காரனை அப்படி அடக்கியிருக்கேன். மூணாவது, கமலவேணி. எங்க வீட்டுல.

பொண்டாட்டியைப் போடலாமான்னு கேக்குறீங்களா? ஏன், அவ மக்கள் இல்லையா? அவ பேர்ல பேக்டரி இல்லை, பங்கு இல்லை, ஒண்ணுமே இல்லை. சட்டப்படி சுத்தமான பொதுமக்கள். இருபத்தாறு வருஷமா நான் காட்டுன இடத்துல கையெழுத்துப் போடுறவ. பேங்குல, பள்ளிக்கூடத்துல, எங்கயும் ஒரு கேள்வி கிடையாது. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கா, எழுத்து மணிமணியா இருக்கும். வேற என்ன தெரியும் அவளுக்கு? சமையல், சீரியல். எங்க போர் தண்ணி சரியில்லை, வீட்டுல கேன் தண்ணிதான், அந்தக் கேன்காரன்கூட அவ பேசுறதுதான் அதிகபட்சப் பேச்சு.

அப்புறம் பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணோம். அதுல தாராளமா அள்ளிவிடுங்கன்னு வக்கீல் சொன்னாரு, நானும் அள்ளிவிட்டேன். பொது உறுப்பினர் யாரும் எந்த நேரமும் முன்கூட்டிச் சொல்லாம எந்தப் பேக்டரிக்குள்ளயும் போகலாம். தண்ணி எடுத்துச் சோதிக்கலாம். மூணு பேருல ரெண்டு பேர் சேந்து எழுதிக் கையெழுத்துப் போட்டா கழிவு வால்வை மூடிப் பூட்டலாம். அது சங்கத்தைக் கட்டுப்படுத்தும். ரெண்டு பேருன்னு ஏன் வெச்சேன்? கமலவேணி ஒண்ணு, தபால்காரர் ஒண்ணு, ரெண்டும் நம்ம கை. சிந்தாமணி தனியா நின்னு கத்திக்கிட்டுக் கிடக்கட்டும். கணக்கு எப்படி?

ஜட்ஜுக்கு ரொம்பத் திருப்தி. சங்கம் தானா முன்வந்து குடுத்த இந்த உறுதிமொழியைக் கோர்ட் பதிவு செய்யுது, மனு முடிச்சு வெக்கப்படுதுன்னு சொல்லிட்டாரு. ஜெயிச்சுட்டோம் சார்! முப்பத்தெட்டு பேக்டரிக்கும் மைசூர்பாகு குடுத்தேன். உறுப்பினர் அட்டை அடிச்சு மூணு பேருக்கும் கழுத்துல மாட்டுற கயித்தோட குடுத்தேன். சிந்தாமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இதுல அதிகாரம் ஒண்ணும் எழுதலைங்களே”ன்னா. “அதெல்லாம் கோர்ட்டுப் பேப்பர்ல இருக்குது, போ”ன்னேன். “அப்ப அதை நான் வாங்கிக்கிறேனுங்க”ன்னு போயிட்டா. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவ அந்தப் பேப்பரை வெச்சு என்ன பண்ணப் போறான்னு நெனைச்சேன்.

கமலவேணி அந்த அட்டையைக் கண்ணாடி முன்னால கழுத்துல போட்டுப் பாத்தா. “நாடகத்துக்குப் போறியா”ன்னு கேட்டேன். கழட்டி பீரோவுல வெச்சுட்டா.

ஐப்பசி மழை. கிழங்கு சீசன் உச்சத்துல இருக்கு. எங்க பேக்டரி வாசல்ல கிழங்கு லாரி வரிசை கட்டி நிக்குது. குச்சிக்கிழங்கு புடுங்கி மூணு நாள் ஆச்சுன்னா உள்ள நீலம் பாஞ்சுரும், மாட்டுக்குத்தான் போடணும். அன்னைக்கு என் முறை. தொட்டியைத் தொறக்கச் சொல்லிட்டு நான் சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா வால்வுல பூட்டு. பஞ்சாயத்துப் பூட்டு சார்! அந்த உசரத் தொட்டிக் கூண்டுக்குப் போடுற பூட்டு. வாட்ச்மேனைக் கேட்டா, “ரெண்டு பொம்பளைங்க குடை பிடிச்சுக்கிட்டு வந்தாங்க, அட்டையைக் காட்டுனாங்க, நான் என்னங்க பண்றது”ங்குறான். சிந்தாமணி கீழ்த்தெருவுல எவளையோ துணைக்கு இழுத்துட்டு வந்திருக்கான்னு நெனைச்சேன்.

ராடு வெச்சு நானே நெம்பி உடைச்சேன். என் பேக்டரி, என் வால்வு. வீட்டுக்குப் போய் இலை முன்னால உக்காந்துக்கிட்டு சிந்தாமணியைத் திட்டுன திட்டு இருக்கே, அதை இங்க சொல்ல முடியாது, முன் சீட்டுல லேடீஸ் இருக்காங்க. கமலவேணி ரசம் ஊத்திக்கிட்டு இருந்தா. “பூட்டை உடைச்சுட்டீங்களா?”ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. “பின்ன, பூ வெச்சுக் கும்பிடுவேனா?”ன்னேன். மோர் வேணுமான்னு கேட்டா.

பதினஞ்சு நாள்ல கோர்ட் அவமதிப்பு நோட்டீஸ் வந்துச்சு. உறுதிமொழியை மீறிட்டேனாம். நான் அசரலை. ரெண்டு கையெழுத்து இருந்தாத்தானே பூட்டு செல்லும்? தபால்காரர் மக வீட்டுக்குத் திருச்சி போயிருந்தாரு, விசாரிச்சுட்டேன். அப்ப ஒரே கையெழுத்து, பூட்டு செல்லாது, கேஸ் அவுட்டு. எங்க வக்கீலும் இன்னைக்குக் காலையில அதையே கம்பீரமாச் சொன்னாரு.

அவங்க வக்கீல், சின்னப் பையன், மீசைகூடச் சரியா வரலை, எந்திரிச்சு, ரெண்டு கையெழுத்து இருக்குதுங்க ஐயான்னு ஒரு படிவத்தை நீட்டுறான். என்னோட படிவம். நான் அடிச்ச பதினாலு கட்டம். ஜட்ஜு பாத்துட்டு, “யார் இந்த கமலவேணி?”ன்னு கேட்டாரு. எங்க வக்கீல் திரும்பி என்னைப் பாக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்? “எங்க வீட்டுல”ன்னேன்.

போலிக் கையெழுத்தா இருக்கும்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த எழுத்து எனக்குத் தெரியும் சார்.

எங்க வக்கீல் உடனே ரூட்டை மாத்துனாரு. அந்தப் பிரமாணப் பத்திரத்தை அப்படியே எடுத்துக்கக் கூடாதுங்க, அது நடைமுறைக்காகப் போட்டது, கோர்ட் விளக்கம் தரணும்னு இழுத்தாரு. ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டுனாரு. “உங்க குழுதான் மக்கள் பங்கேற்புன்னு நீங்கதானே சொன்னீங்க? மக்கள் பங்கேத்துட்டாங்க. இப்ப உங்க குறை என்ன?”ன்னாரு. எங்க வக்கீல் ஃபைலைப் புரட்டுனாரு. அதுக்குப் பதில் எனக்கு இப்பத் தோணுது, அப்பத் தோணலை.

அதோட விட்டாரா? படிவத்தை ஒவ்வொரு கட்டமாத் தமிழ்ல படிக்க ஆரம்பிச்சுட்டாரு. சிந்தாமணி சொல்லச் சொல்ல இவ எழுதியிருக்கா. கீழ்த்தெருக் கிணத்துல ஆரம்பிச்சு ஓடையோடயே நடந்து வந்திருக்காங்க ரெண்டு பேரும், மழையில. வீட்டுல இருந்து கார் இல்லாம கோயிலுக்குக்கூடப் போகாதவ சார். கிணத்துல நுரை, உண்டு. ஓடையில மீன், இல்லை. பதினோராவது கட்டம், நாற்றம் உண்டா. எல்லாக் கட்டத்துலயும் ஒத்தை வார்த்தை எழுதுனவ அங்க மட்டும் ரெண்டு வரி எழுதியிருக்கா. ஜட்ஜு நிறுத்தி நிறுத்திப் படிச்சாரு. “இருபத்தாறு வருஷமா இருக்கு. கல்யாணமாகி வந்த அன்னிக்கே அவர்கிட்டக் கேட்டேன்.”

கோர்ட்டுல ஒருத்தரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாத் தேவலை.

அப்புறம் நம்ம மாதேஸ்வரன் பண்ணுனது கேளுங்க. தனியா வேற வக்கீல் வெச்சு ஒரு மனு. சங்கம் இந்தக் குழுவை முழு மனசோட ஆதரிக்குதாம், முறை போட்டதெல்லாம் செயலாளரோட தனிப்பட்ட வேலையாம், அவரைப் பொறுப்புல இருந்து நீக்கியாச்சாம், சுய ஒழுங்கு வேலை செய்யுதுங்கிறதுக்கு இதுவே சாட்சியாம். முப்பத்தேழு பேர் கையெழுத்து. என் மைசூர்பாகைத் தின்னவனுங்க! அந்த மழைப் பட்டியலைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டி வெச்சிருந்தது மாதேஸ்வரன். அதை எவன் சொன்னான்?

கடைசியில ஜட்ஜு சொல்லிட்டாரு, வால்வு பூட்டுனது பூட்டுனதுதான், மறுபடியும் பூட்டணும். சுத்திகரிப்பு ஏற்பாடு பண்ணி, கீழ்த்தெருக் கிணத்துத் தண்ணி சோதனையில தேறி, பொது உறுப்பினர் ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் தொறக்கலாம். பூட்டை உடைச்சதுக்கு நான் அடுத்த வாரம் நேர்ல நின்னு மன்னிப்புக் கேக்கணும். சீசன் போச்சு. வாசல்ல நிக்கிற கிழங்கு பூரா மாட்டுக்குத்தான்.

தபால்காரர் திருச்சியிலயே மகளோட தங்கிட்டாராம். அப்ப மிச்சம் யாரு? சிந்தாமணிகிட்டயும் என் பொண்டாட்டிகிட்டயும் நான் கையெழுத்துக்குப் போய் நிக்கணும். எந்த இடத்துல போடணும்னு காட்டித்தான் எனக்குப் பழக்கம் சார். போடுவியான்னு கேட்டுப் பழக்கம் இல்லை.

அவளுக்குப் போன் பண்ணலை. அவளும் பண்ணலை. தீர்ப்பு தெரிஞ்சிருக்கும், அந்த சிந்தாமணி சொல்லியிருப்பா, ரெண்டும் சேந்து டீ குடிச்சுக்கிட்டுக்கூட இருக்கும். என் வீட்டுல, என் டம்ளர்ல. உசரத் தொட்டியில இருந்து தண்ணி தொறந்து விடுறவ ஒருத்தி, ரசம் வெக்கிறவ ஒருத்தி, இவங்க ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லணுமாம்.

ஆனா ஒண்ணு சார். உளுந்தூர்பேட்டையில இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். கல்யாணத்தன்னைக்கே கேட்டேங்குறாளே, கேட்டாளா? மாட்டு வண்டி மாதிரி ஒரு அம்பாசடர்ல வந்து இறங்குனோம், வாசல்ல ஆரத்தி எடுத்தாங்க, அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. இவ என்னமோ கேட்ட மாதிரியும் இருக்கு. நான் என்ன சொன்னேன்? என்னமோ சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் அவ கேக்கலைங்கிறது மட்டும் நிச்சயம். எனக்குப் பொறந்ததுல இருந்து அதே ஊரு, எங்கப்பா காலத்துப் பேக்டரி. எனக்கு நெசமாவே ஒண்ணும் அடிக்காது சார், பொய் சொல்லலை. அடிச்சா சொல்ல மாட்டனா?

தலைவாசல் தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச நேரத்துல நான் இறங்கிருவேன். இவ்வளவு தூரம் ஒட்டி உக்காந்து வந்திருக்கீங்க, யாரோ எவரோ, உங்களுக்கு என்கிட்ட ஆகவேண்டியது ஒண்ணும் இல்லை. தப்பா எடுத்துக்க மாட்டேன், நெசத்தைச் சொல்லுங்க. இந்தச் சட்டை காலையில புதுசாப் பிரிச்சுப் போட்டது. எம்மேல நாத்தம் அடிக்குதுங்களா?

என்ன சார், ஜன்னல் பக்கமே பாத்துட்டிருக்கீங்க. கேட்டேனே.